சவப்பெட்டிக்குள் ரோஜா இதயம்!
எரிப்பவர் பெருகிவிட்டார்கள், அமெரிக்கப் பூக்காரர்களுக்குச் சோதனைக் காலம்

பெட்டியின் மேல் மூடி திறந்திருக்கிறது. உள்ளே ஒரு மூதாட்டி கண் மூடிப் படுத்திருக்கிறார். நல்ல உடுப்பு உடுத்தி, தலை வாரி, கன்னத்தில் லேசாகச் சாயமும் பூசியிருக்கிறார்கள். பார்த்தால் தூங்குவது போலவே இருக்கிறது.

மூடியின் உட்புறத்தில் வெள்ளைப் பட்டு தைத்திருக்கிறது. அந்தப் பட்டின் நடுவே சிவப்பு ரோஜாக்களால் செய்த ஓர் இதயம். அதன் குறுக்கே ஒரு ரிப்பன். அதில் பொன் எழுத்தில் ஒரே ஒரு சொல்: “பாட்டி”.

இது அமெரிக்காவில் காணும் காட்சி. அந்த ரோஜா இதயத்தைச் செய்வது அங்கே ஒரு கைத்தொழில். பெட்டிக்கு வெளியே வைக்கும் பெரிய மலர் வளையங்கள் வேறு. இது பெட்டிக்கு உள்ளே, இறந்தவரின் முகத்துக்குப் பக்கத்தில் வைக்கிற பூ வேலை.

இந்தத் தொழிலுக்கு இப்போது சோதனைக் காலம் வந்திருக்கிறது. புதைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். பூவின் மீது வரி விழுந்தது. பூவைக் குத்தி நிறுத்தும் பச்சைக் கட்டி மண்ணைக் கெடுக்கிறது என்ற புகாரும் எழுந்திருக்கிறது. சாவு வீட்டுப் பூவை நம்பிப் பிழைக்கிற சின்னக் கடைக்காரர்கள் என்ன ஆவார்கள்? துக்கத்தில் இருக்கும் குடும்பம் எதற்குப் பணம் கொடுக்கிறது? கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

பாதி திறக்கும் மூடி

நம் ஊரில் ஒருவர் காலையில் இறந்தால் பெரும்பாலும் மறுநாளுக்குள் எல்லாம் முடிந்துவிடும். அமெரிக்காவில் அப்படி இல்லை. பல நாட்கள் கழித்தே அடக்கம் நடக்கும். தொலைவில் உள்ள பிள்ளைகள் வந்து சேர வேண்டும் அல்லவா? அதற்காக உடலில் மருந்து ஏற்றிக் கெடாமல் வைப்பார்கள். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது இந்த வழக்கம் பரவியது. போர்க்களத்தில் மாண்ட சிப்பாய்களை ஊருக்கு அனுப்ப வேறு வழி இல்லை.

இந்த வேலைகளைச் செய்ய ஊருக்கு ஊர் சவ அடக்க நிலையங்கள் இருக்கின்றன. அங்கேதான் உடலைப் பார்வைக்கு வைப்பார்கள். உறவினரும் நண்பரும் வரிசையாக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

இதற்காகவே அமெரிக்கச் சவப்பெட்டியின் மூடியை இரண்டு துண்டாகச் செய்கிறார்கள். தலைப்பக்க மூடியைத் திறந்து வைப்பார்கள். கால்பக்க மூடி சாத்தியே இருக்கும். சாத்திய மூடியின் மேல் பெரிய பூங்கொத்து ஒன்று படுத்திருக்கும். அதைப் பெரும்பாலும் மனைவியோ மக்களோ வாங்குவார்கள்.

திறந்த பக்கத்தில்தான் உள் அலங்காரம். மூடியின் உட்பட்டில் இதயம் தொங்கும். தலைமாட்டில் சின்னப் பட்டுத் தலையணை ஒன்றில் பூ தைத்து வைப்பார்கள். இரண்டு மூடிகளும் சேரும் மூலையில் ஒரு கொத்து செருகுவார்கள். கத்தோலிக்கர்கள் வீட்டில் ரோஜா மொட்டுகளைக் கோத்து ஜெபமாலை செய்து தொங்கவிடுவதும் உண்டு. ஜெபமாலையில் 59 மணிகள். ஆகவே மொட்டு எண்ணிக் கோக்க வேண்டும்.

இந்த உள் அலங்காரம் யார் பேரில் வரும் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். அநேகமாகப் பேரன், பேத்திகள் பேரில் வரும். பெரிய வளையம் வாங்கப் பிள்ளைகளிடம் காசு ஏது? அப்பாவும் அம்மாவும் அவர்கள் பேரைச் சொல்லிச் சின்ன இதயம் ஒன்று சொல்லிவிடுகிறார்கள். ஊரார் பார்க்க வைப்பது வெளிப் பூ. வீட்டார் கொடுத்தனுப்புவது உள் பூ.

ஒரு சொட்டுத் தண்ணீர் போதும், காரியம் கெட்டுவிடும்!

“ரோஜாவை ஒட்டினால் இதயம் ஆகிவிடாதா? இதில் என்ன வித்தை?” என்று தோன்றலாம். வித்தை நிறைய இருக்கிறது.

முதல் சிக்கல் தண்ணீர். பூ வாடாமல் இருக்கத் தண்ணீர் வேண்டும். ஆனால் பெட்டியின் உள்ளே இருப்பதோ வெள்ளைப் பட்டு. ஒரு சொட்டு விழுந்தாலும் கறை தெரியும். இறந்தவரின் உடுப்பில் விழுந்தால் குடும்பத்தார் மனம் என்ன பாடுபடும்? அதனால் பூக்காரர்கள் பூவை முந்தின நாளே நன்றாகத் தண்ணீர் குடிக்க வைக்கிறார்கள். பிறகு காம்பை வெட்டிப் பசையால் ஒட்டுகிறார்கள். அல்லது விரல் அளவுள்ள பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் ஊற்றி, ரப்பர் மூடி போட்டு, அதன் வழியே காம்பைச் செருகுகிறார்கள். ஈரக் கட்டியில் குத்துவதானால் அடியில் பிளாஸ்டிக் தட்டு வைத்தே தீர வேண்டும்.

எல்லாப் பூவும் இதற்கு ஆகாது. கார்னேஷன், சாமந்தி, ரோஜா மொட்டு, ஆர்க்கிட் ஆகியவை தண்ணீர் இல்லாமலும் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். ஹைட்ரேஞ்சியா சீக்கிரம் தலை தொங்கிவிடும். லில்லி அழகான பூதான். ஆனால் அதன் நடுவே உள்ள மகரந்தம் துணியில் பட்டால் மஞ்சள் கறை. லேசில் போகாது. ஆகவே லில்லி வைப்பதென்றால் நடுவில் உள்ள மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்துவிட்டுத்தான் வைப்பார்கள்.

இரண்டாவது சிக்கல் கனம். மூடி சாய்வாக நிற்கிறது. அதன் உட்புறத்தில் ஒரு பொருளைத் தொங்கவிட வேண்டும். பட்டுக்குப் பின்னால் பஞ்சு மெத்தை மட்டும்தான் இருக்கும். ஆணி அடிக்க முடியாது. முத்துத் தலை வைத்த நீளமான குண்டூசிகளைப் பட்டிலும் பஞ்சிலும் சாய்வாகக் குத்தி நிறுத்துகிறார்கள். இடப்பக்க ஊசி ஒரு திசையிலும் வலப்பக்க ஊசி எதிர்த் திசையிலும் சாய்ந்தால்தான் பிடிப்பு இருக்கும். கனம் கூடினால் எல்லாரும் அழுதுகொண்டு நிற்கும் நேரத்தில் இதயம் கழன்று இறந்தவர் மார்பில் விழும். அதைவிடச் சங்கடம் பூக்காரருக்கு வேறு உண்டா? அதனால் மாட்டிய பிறகு மூடியை மெதுவாக ஆட்டிப் பார்ப்பார்கள்.

மூன்றாவது சிக்கல் உயரம். கடைசியில் மூடியைச் சாத்தும்போது இதயம் கீழ் நோக்கித் திரும்பிவிடும். பூ உயரமாக இருந்தால் முகத்தில் இடிக்கும். ஆகவே உள் அலங்காரம் தட்டையாக இருக்க வேண்டும். வெளி வளையத்துக்கு எழும்பி நிற்பது அழகு. இங்கே அடங்கி இருப்பதுதான் அழகு.

இத்தனையும் முடித்து, குடும்பத்தார் முதன்முதலாக உள்ளே வந்து பார்ப்பதற்கு முன் மாட்டிவிட வேண்டும். தாமதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கலியாணத்துக்குப் பூ கட்டுகிறவருக்கு மாதக் கணக்கில் நேரம் கிடைக்கிறது. சாவு வீட்டுக்குக் கட்டுகிறவருக்கு ஒன்றிரண்டு நாள்தான்.

எகிப்தில் கிடைத்த பூ ஆரம்

பெட்டிக்குள் பூ வைப்பது அமெரிக்கர்கள் கண்டுபிடித்த பழக்கம் அல்ல. எகிப்து நாட்டு இளம் அரசன் துட்டன்காமனின் கல்லறையை ஹோவர்ட் கார்ட்டர் என்ற ஆங்கிலேயர் 1922-ல் கண்டுபிடித்தார். அரசன் இறந்து சுமார் 3,300 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1925-ல் அவர் சவப்பெட்டிகளைத் திறந்தார். பெட்டிக்குள் பெட்டியாக மூன்று பெட்டிகள். கடைசிப் பெட்டி முழுத் தங்கம்.

அந்தத் தங்கப் பெட்டியின் கழுத்தில் ஒரு பூ ஆரம் இருந்தது. பாப்பிரஸ் என்ற கோரையால் செய்த தாளின்மேல் இலை, பூ, பழம், மணி ஆகியவற்றை வரிசை வரிசையாகத் தைத்திருந்தார்கள். ஒலிவ இலையும், நீல அல்லி இதழும், கார்ன்பிளவர் என்ற நீலப் பூவும் அந்தப் பெட்டிகளில் இருந்த மாலைகளில் அடையாளம் தெரிந்தன. காய்ந்து சருகாகியும் உதிராமல் இருந்தன! அந்தப் பூக்களும் பழங்களும் எந்தப் பருவத்தில் கிடைப்பவை என்று கணக்குப் பார்த்து, அரசனை மார்ச், ஏப்ரல் மாதங்களில் அடக்கம் செய்திருக்க வேண்டும் என்று தாவர அறிஞர்கள் கூறினார்கள்.

பசை இல்லை, பிளாஸ்டிக் இல்லை. நாரும் ஊசியும் கையும்தான்.

எரிப்பது கூடிவிட்டது

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம்.

1960-ல் அமெரிக்காவில் 100 பேர் இறந்தால் 4 பேருக்கும் குறைவாகவே எரித்தார்கள். மற்ற எல்லாருக்கும் பெட்டிதான்; பெட்டிக்குப் பூதான்.

1963-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. அதுவரை எரிப்பதைத் தடுத்து வந்த கத்தோலிக்கத் திருச்சபை, அந்தத் தடையைத் தளர்த்தியது. அதே ஆண்டில் ஜெசிக்கா மிட்போர்டு என்ற பெண்மணி, “அமெரிக்கச் சாவு முறை” என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார். சவ அடக்க நிலையங்கள் துக்கத்தில் இருப்பவரிடம் எப்படிப் பணம் கறக்கின்றன என்று அதில் புட்டுப் புட்டு வைத்தார். பூக்காரர்களையும் அவர் விடவில்லை. “பூ அனுப்ப வேண்டாம்” என்று குடும்பத்தார் பத்திரிகையில் போடும் மரண அறிவிப்பைக் கண்டு பூ வியாபாரிகள் எவ்வளவு பயந்தார்கள், அந்த வாசகம் வராமல் இருக்க என்னென்ன செய்தார்கள் என்றும் எழுதினார். புத்தகம் சக்கைப்போடு போட்டது. 1996-ல் அவர் இறந்தபோது அவரையும் எளிய முறையில் எரித்தார்கள்.

அதன் பிறகு எரிப்பவர் தொகை ஏறிக்கொண்டே வந்தது. 2015-ல் எரிப்பது புதைப்பதை முந்தியது. 2023-ல் 100 பேரில் 60 பேரை எரித்தார்கள்.

இதற்குப் பெரிய காரணம் செலவுதான். அமெரிக்கச் சவ அடக்க நிலையங்களின் தேசிய சங்கம் 2023-ல் கணக்கெடுத்தது. உடலைப் பார்வைக்கு வைத்து, பெட்டியில் இட்டுப் புதைப்பதற்கு நடுத்தரச் செலவு 8,300 டாலர். கல்லறை இடத்தின் விலை இதில் சேராது. பார்வைக்கு வைத்து எரித்தால் 6,280 டாலர். பார்வைக்கே வைக்காமல் நேரே எரித்தால் இன்னும் எவ்வளவோ குறையும். பிள்ளைகள் ஊர் ஊராகச் சிதறிவிட்டதும் ஒரு காரணம். கல்லறைக்குப் போய்ப் பூ வைக்க ஊரில் யார் இருக்கிறார்கள்?

எரிப்பது என்றாலே பெட்டி இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பார்வைக்கு வைக்க வாடகைப் பெட்டி கிடைக்கிறது! வெளியே நல்ல மரம். உள்ளே எடுத்து மாற்றும்படியான ஒரு சாதாரணப் பெட்டி. பார்வை முடிந்ததும் உள்பெட்டி உடலோடு தகனத்துக்குப் போகும். வெளிப் பெட்டி அடுத்தவருக்குக் காத்திருக்கும். அங்கேயும் உள் அலங்காரம் வைக்கலாம். ஆனால் மூடியே திறக்காத வீட்டில் மூடிக்குப் பூ எதற்கு? அதுதான் பூக்காரரின் கவலை.

போகோடாவிலிருந்து விமானத்தில்

அடுத்த இடி பூவின் விலை.

அமெரிக்கக் கடையில் விற்கும் கொய்மலர்களில் பெரும் பகுதி அந்த நாட்டில் விளைவதே இல்லை. தென் அமெரிக்காவில் கொலம்பியா என்ற நாடு இருக்கிறது. அதன் தலைநகரம் போகோடா. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,600 மீட்டர் உயரம். ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி குளிர்ச்சியும் வெயிலும். ரோஜாவுக்கும் கார்னேஷனுக்கும் வேறு என்ன வேண்டும்? பக்கத்து நாடான ஈக்வடாரும் ரோஜாவுக்குப் பேர் போனது. இரண்டு நாட்டுப் பூவும் விமானத்தில் ஏறி மயாமி நகரத்தில் இறங்கி, அங்கிருந்து குளிரூட்டிய லாரிகளில் நாடு முழுவதும் போகின்றன.

2025 ஜனவரியில் அதிபர் டிரம்புக்கும் கொலம்பியாவுக்கும் தகராறு வந்தது. அமெரிக்கா திருப்பி அனுப்பிய ஆட்களை ஏற்றி வந்த ராணுவ விமானங்களைக் கொலம்பியா இறங்கவிடவில்லை. “கொலம்பியச் சரக்குக்கு 25 சதவிகித வரி” என்று டிரம்ப் மிரட்டினார். காதலர் தினத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. பூ வியாபாரிகள் நடுங்கிப் போனார்கள். அன்று இரவே சமரசம் ஏற்பட்டு மிரட்டல் வாபஸ் ஆனது. ஆனால் அந்த ஆண்டு ஏப்ரலில் உலக நாடுகள் பெரும்பாலானவற்றின் சரக்கின் மீது 10 சதவிகித வரி போட்டபோது கொலம்பியாவும் தப்பவில்லை.

கலியாண வீட்டார் விலை ஏறினால் ரோஜாவைக் குறைத்துக்கொண்டு இலையைக் கூட்டிக்கொள்வார்கள். பேசி முடிக்க நேரம் இருக்கிறது. சாவு வீட்டில் பேரம் பேச யாருக்கு மனம் வரும்? கடைக்காரரும் சொன்ன விலையை ஏற்ற முடியாமல், லாபத்தில் கையை வைக்கிறார். பெரிய கடைகளுக்கு அது பொருட்டல்ல. கணவனும் மனைவியும் நடத்துகிற சின்னக் கடைக்குத்தான் அடி.

இப்போது சிலர் துணிப் பூவுக்கு மாறுகிறார்கள். வாடாது, சொட்டாது, சொல்லி வைத்த விலை. பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. ஆனால் “துணிப் பூ” என்பது பேருக்குத்தான். பெரும்பாலும் பாலியெஸ்டரும் பிளாஸ்டிக்கும்தான். பாட்டி மண்ணோடு மண்ணான பிறகும் பூ அப்படியே இருக்கும்!

பச்சைக் கட்டி

பொக்கே கடைகளில் பச்சை நிறத்தில் செங்கல் போன்ற ஒரு கட்டியைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீரில் போட்டால் உறிஞ்சிக்கொண்டு கனக்கும். காம்பைக் குத்தினால் அசையாமல் நிற்கும். நம் ஊர்ப் பூக்கடைகளிலும் இது இருக்கிறது. “ஓயாசிஸ்” என்று கேட்டால் கொடுப்பார்கள். அது கம்பெனியின் பெயர். அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்துக் கம்பெனி ஒன்று 1954-ல் இதைக் கொண்டு வந்தது. அதற்கு முன் பாசியையும் கம்பி வலையையும் வைத்து மல்லாடிக்கொண்டிருந்த பூக்காரர்களுக்கு இது வரப்பிரசாதமாக இருந்தது.

ஆனால் இதுவும் ஒரு வகைப் பிளாஸ்டிக்தான். மக்காது. விரலால் நசுக்கினால் தூளாகும். 2019-ல் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து ஆர்.எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், இந்தத் தூளை நீர்வாழ் பிராணிகள் தின்பதையும், அதிலிருந்து ரசாயனங்கள் தண்ணீரில் கசிவதையும் கண்டு சொன்னார்கள். இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் மலர்க் கண்காட்சிகளில் இந்தக் கட்டிக்குத் தடை போட்டது.

2022 செப்டம்பரில் எலிசபெத் ராணியின் இறுதி ஊர்வலத்தை உலகமே டெலிவிஷனில் பார்த்தது. பெட்டியின் மேல் இருந்த மலர் வளையத்தில் பச்சைக் கட்டி இல்லை. மன்னர் சார்லஸ் கேட்டுக்கொண்டபடி, பாசியையும் ஓக் மரக் கிளைகளையும் கூடு போலப் பின்னி அதில் பூவைச் செருகியிருந்தார்கள். பூவெல்லாம் அரண்மனைத் தோட்டங்களில் பறித்தவை. அதில் மிர்ட்டில் என்ற செடியின் கிளை ஒன்றும் இருந்தது. 1947-ல் ராணியின் திருமணப் பூச்செண்டில் இருந்த கிளையை நட்டு வளர்த்த செடியிலிருந்து ஒடித்தது அது!

அது வெளிப் பூதான். ஆனால் பூக்காரர்களுக்கு அதில் ஒரு சேதி இருந்தது. கட்டி இல்லாமல் ராணிக்கே செய்ய முடிந்தால், பாட்டிக்குச் செய்ய முடியாதா?

முடியும். ஆனால் நேரம் கூடும், கூலி கூடும். பாசியைக் கம்பியில் சுற்றி, சணல் நூலால் கட்டி, பூவைச் செருகுவதற்குப் பழகிய கை வேண்டும். பச்சைக் கட்டியோடு வளர்ந்த தலைமுறைக்கு அது புதிதாகக் கற்க வேண்டிய பாடம். உள் அலங்காரத்தில்தான் இது மிக அவசரம் என்பது என் எண்ணம். வெளி வளையத்தை எடுத்துக் குப்பையில் போடலாம், பிரித்துப் பார்க்கலாம். உள்ளே போனது உடலோடு மண்ணுக்குள் போகிறது. யாரும் திரும்ப எடுக்கப் போவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்கக் குடும்பங்களில் பலருக்கே தெரியாத சட்டம் ஒன்று இருக்கிறது. 1984 முதல் சவ அடக்க நிலையங்கள் தங்கள் விலைப் பட்டியலை இனம் இனமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். “மொத்தமாக இவ்வளவு” என்று சொல்லி மூட முடியாது. வேண்டியதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். பெட்டியை வெளியே வாங்கி வந்தாலும் நிலையம் அதற்குத் தனிக் கட்டணம் கேட்கக் கூடாது.

பூவுக்கும் இதில் இடம் உண்டு. நிலையமே குடும்பத்தின் சார்பில் பூ வாங்கிக் கொடுத்து, அதன் மேல் லாபம் வைத்தாலோ தள்ளுபடி பெற்றுத் தானே வைத்துக்கொண்டாலோ, அந்த விஷயத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். லாபம் வைப்பது குற்றமல்ல. மறைப்பதுதான் குற்றம். பூக்கடைக்கு நேரே போய் வாங்கினால் அந்த இடைச் செலவே இல்லை. சின்னக் கடைக்காரருக்கும் அதுதான் நல்லது.

இன்னொரு பக்கம் இயற்கை முறை அடக்கம் பரவி வருகிறது. மருந்து ஏற்றுவதில்லை. இரும்புப் பெட்டி இல்லை. மூங்கில், பிரம்பு, சாதாரண மரம் அல்லது வெறும் பருத்தித் துணி. அங்கே ஊசி குத்தப் பட்டு கிடையாது. பூவை நேராக உடல் மேல் வைக்கிறார்கள். பிரம்புப் பெட்டியானால் அதன் பின்னலிலேயே காம்பைச் செருகுகிறார்கள். நம் கண்ணுக்கு இது பழகிய காட்சியாக இருக்கும்! பெரிய வளையங்களுக்கு இனி கிராக்கி குறையும். பேரப் பிள்ளைகள் பேரில் வரும் சின்ன உள் பூ மட்டும் வேறு உருவத்தில் நிலைக்கும் என்றே நான் நினைக்கிறேன். ஏற்கெனவே பல கடைகளில் சாம்பல் கலசத்தைச் சுற்றி வைக்கும் சிறு பூ வளையத்தைச் செய்து கொடுக்கிறார்கள்.

பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பத்தாரை மட்டும் அழைத்து ஒரு கேள்வி கேட்பது வழக்கம். “பூ உள்ளேயே இருக்கட்டுமா, எடுத்துக் கொடுக்கட்டுமா?” எடுக்கச் சொன்னால் முதலில் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். பிறகு இதயத்தைப் பிள்ளைகள் கையில் கொடுப்பார்கள். சில பிள்ளைகள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் உலர்த்தி வைத்துக்கொள்ளும். சில பிள்ளைகள் ஒரு ரோஜாவை மட்டும் பிய்த்து எடுத்துக்கொண்டு, மீதியைத் தாங்களே பெட்டிக்குள் வைத்துவிடும்.